இத்தனை புரொபோசிஷன்களை என்னிடம் ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் குடியுரிமை வாங்கியபின் எனக்கு இது முதல் தேர்தல். வேட்பாளர்கள் போக, வாக்குச்சீட்டில் வரிசையாகப் புரொபோசிஷன்கள், அதாவது 'இந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்விகள். சட்டம் போடுவது சட்டமன்றத்தின் வேலை இல்லையா? எல்லாவற்றுக்கும் பதில் போட்டே ஆக வேண்டுமா? – ஃப்ரீமாண்ட் வாசகர்

பதில்: வேண்டியதில்லை. புரியாததைக் காலியாக விட்டுவிடலாம், மற்ற இடங்களில் போட்ட வாக்கு செல்லும். ஆனால் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் எதை விடலாம் என்பதும் தெரியும்.

நூறு வருடங்களுக்கு முன்பு கலிஃபோர்னியாவில் சதர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனி வைத்ததுதான் சட்டம். அதன் கட்டணத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய ரயில்வே ஆணையமே அதன் பேச்சைக் கேட்டது. கட்சி மாநாட்டில் யாருக்கு சீட் என்பதிலும் கம்பெனியின் கை இருந்தது. அரசியல்வாதிகளுக்கு இலவச பாஸ் தனி. சட்டமன்றமே இப்படி என்றால் மக்கள் யாரிடம் போய் முறையிடுவது?

1910-இல் ஆளுநர் தேர்தலில் நின்றார் ஹைரம் ஜான்சன். சான் பிரான்சிஸ்கோ லஞ்ச வழக்கில் ஏப் ரூஃப் என்ற அரசியல் தரகருக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்த வக்கீல். கம்பெனியை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்று சொல்லி, ரயிலைத் தவிர்த்துக் காரிலேயே ஊர் ஊராகப் போனார், ஜெயித்தார். அடுத்த வருடம் அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில், மக்களே கையெழுத்து திரட்டிச் சட்டம் கொண்டுவரவும், சட்டமன்றம் போட்ட சட்டத்தை நிறுத்தவும், பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கவும் உரிமை கிடைத்தது. உங்கள் சீட்டில் இருக்கும் புரொபோசிஷன்களில் பல இந்த வழியாக வருபவைதான். ஓரிகன் மாநிலம் இதில் முன்னோடி. அங்கே முதல் இரண்டும் 1902-லேயே வந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் 2003-இல் ஆளுநர் கிரே டேவிஸை இறக்கிவிட்டு நடிகர் ஸ்வார்ஸ்நெகரை உட்காரவைத்ததும் இந்தத் திரும்ப அழைக்கும் உரிமைதான்.

சரி, ஊழல் ஒழிந்ததா? ரயில் கம்பெனியின் பிடி தளர்ந்தது உண்மை. ஆனால் கையெழுத்து திரட்டப் பணம் வேண்டும். புதுச் சட்டத்துக்கு, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதமும் அரசியல் சாசனத் திருத்தத்துக்கு 8 சதவீதமும் கையெழுத்து தேவை. கூலிக்கு ஆள் வைத்துத் திரட்டுவதைத் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் சொல்லிவிட்டது. 2020-இல் வந்த 22-ஆம் புரொபோசிஷனைப் பாருங்கள். ஓட்டுநர்களைத் தங்கள் ஊழியர்களாகக் கருதக்கூடாது என்பதற்காக ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் முதலான டாக்ஸி, டெலிவரி ஆப் கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் இறைத்து ஜெயித்தன. சட்டமன்றம் அதைத் திருத்த எட்டில் ஏழு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதிக்கொண்டார்கள். கம்பெனியை அடக்க வந்த கருவியைக் கம்பெனிகளே வாடகைக்கு எடுத்துக்கொண்டன என்பேன்.

அதனால் டிவி விளம்பரத்தை நம்பாதீர்கள். தபாலில் வரும் வாக்காளர் கையேட்டில், 'யெஸ்' போட்டால் என்ன நடக்கும், 'நோ' போட்டால் என்ன நடக்கும் என்று சுருக்கமாக இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். அப்புறம் யார் பணம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பெரிய நன்கொடையாளர்களின் பட்டியலை அரசியலில் புழங்கும் பணத்தைக் கண்காணிக்கும், மாநிலத்தின் எஃப்.பி.பி.சி. என்ற ஆணையம் இணையத்தில் போடுகிறது. அந்த ஆணையம் உருவானதும் 1974-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டத்தால்தான்.

இன்னொன்று: நீதிபதி, பள்ளி வாரியம், நகர சபை வேட்பாளர்கள் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது. அது அச்சுப்பிழை இல்லை, அதுவும் அந்தக் காலத்துச் சீர்திருத்தம்தான்.