டர்போ காற்று எங்கே போகிறது? லாரிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சங்ககிரியில் 26 வருடமாக லாரி இன்ஜின் வேலை பார்க்கிறேன். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) புதிதாக மாற்றியும் இழுவை வரவில்லை என்று போன வாரம் ஒருவர் கேட்டார். காற்றுக் கசிவைப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகள்தான் இவை. இன்று பட்டறை லீவு, உட்கார்ந்து எழுதுகிறேன். கிளட்ச், எஃப்சி பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், இன்று காற்று மட்டும்தான்.

நாமக்கல் ஓனர்: பிஎஸ்-3 (பழைய புகை விதி) வண்டி, 12 சக்கரம். தொப்பூர் ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துத்தான் ஏறுகிறது. கரும்புகை கக்குகிறது. டர்போ போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பொறுங்கள். ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி டர்போவின் வாயைப் பாருங்கள். விசிறியைக் கையால் சுற்றினால் தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும், ஓரத்தில் உரசக் கூடாது. அது சரியாக இருந்தால் டர்போவை விட்டுவிட்டு, அது அனுப்பும் காற்று இன்ஜினுக்குள் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் (சூடான காற்றை ஆற்றும் ரேடியேட்டர்), அங்கிருந்து மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்), நடுவில் நாலைந்து ஹோஸ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப். இதில் எங்கே ஓட்டை இருந்தாலும் உங்கள் வண்டியில் பம்பு டீசலைக் கொட்டும், எரிக்கக் காற்று இருக்காது. கரும்புகை அதுதான்.

சோதிக்கிற முறை இது. டர்போ வாய்க்கு அளவான பிவிசி மூடி ஒன்றில் ஓட்டை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு மாட்டுங்கள். ஃபில்டர் ஹோஸைக் கழற்றிய இடத்தில் இதை ஒரு ஹோஸ் துண்டோடு வைத்து இறுக்குங்கள். இன்ஜின் நின்று ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரசரில் ரெகுலேட்டர் வைத்து 15லிருந்து 20 பிஎஸ்ஐ வரை மட்டும் காற்று விடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர். திறந்திருக்கும் இன்ஜின் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று இன்ஜினுக்குள் போய் ஆயில் மூடிப் பக்கம் மெல்லிய சத்தம் கேட்கும், அது கணக்கில் இல்லை. சைலன்சர் வழியாக நிறையப் போனால் கிராங்கைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். பிரீதர் குழாய் (இன்ஜின் அடிப்பக்கக் காற்றை வெளியே விடுவது) மூடிக்கும் டர்போவுக்கும் நடுவில் சேருகிற வண்டியாக இருந்தால் அந்த வழியை அடைக்காமல் காற்று விடாதீர்கள், ஆயில் சீல் பிதுங்கிவிடும்.

போன மாதம் வந்த ஒரு வண்டியில் கிளிப் எல்லாம் இறுக்கம், ஹோஸ் பார்க்கப் புதுசு. தண்ணீர் தடவினால் மேலே ஒன்றும் இல்லை. கையைக் கீழே விட்டு ஹோஸின் அடிப்பக்கம் தடவினேன், விரலில் குளிர்ந்த காற்று அடித்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தால் சோப்பு நுரை கோழி முட்டை அளவுக்கு ஊதி ஊதி உடைகிறது. ஒரு பிராக்கெட்டின் முனை உரசி உரசி அரை அங்குலத்துக்குக் கீறியிருந்தது. அந்த ஓனர் அதற்கு முன்பே இரண்டு டர்போ மாற்றியிருந்தார்.

கிருஷ்ணகிரி டிரைவர்: அண்ணே, இன்ஜின் ஓடும்போதே சோப்புத் தண்ணி தெளித்தால் தெரியாதா?

தெரியாது தம்பி. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. லோடோடு மேடு ஏறும்போதுதான் ஓட்டை வாயைத் திறக்கும்.

அதே டிரைவர்: வண்டியிலேயே பிரேக் காற்று இருக்கிறதே, அதிலிருந்து ஒரு குழாய் இழுத்து விட்டால்?

கூடாது. பிரேக் டாங்கில் 7, 8 பார் இருக்கும். 100 பிஎஸ்ஐக்கு மேல். நீங்கள் சோதிக்கிற பாகங்கள் அதற்குச் செய்தவை இல்லை. நான் தொழில் கற்ற காலத்தில் இதைச் செய்தேன். மூடி பறந்து போய்க் கூரைத் தகரத்தில் அடித்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, புதுப் பையன்களுக்கு முதல் நாளே காட்டுவேன். என் முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. ரெகுலேட்டர் இல்லையென்றால் சோதிக்க வேண்டாம்.

கரூர் ஓனர்: எனக்குப் புகையே இல்லை, ஆனால் இழுவையும் இல்லை. பழைய பம்பு வண்டி.

நல்ல கேள்வி. மேனிஃபோல்டிலிருந்து பம்பின் மேல் இருக்கும் டயாஃப்ராம் (ரப்பர் சவ்வு) மூடிக்கு ஒரு சின்னக் குழாய் போகும், விரல் தடிமன்கூட இருக்காது. பூஸ்ட் ஏறியிருக்கிறது, டீசலைக் கூட்டு என்று பம்புக்குச் சொல்வது அதுதான். அந்தக் குழாய் விரிசல் விட்டாலோ, யூனியன் லூஸானாலோ, டயாஃப்ராம் கிழிந்தாலோ இன்ஜினுக்குள் காற்று நிறைய இருக்கும், பம்புக்குத் தெரியாது. டீசலைக் கொஞ்சமாகவே கொடுக்கும். அதனால் புகை இல்லை, தெம்பும் இல்லை. பல பேர் இந்த இடத்தில் இன்ஜெக்டரைக் கழற்றுகிறார்கள், சிலர் பம்பு சீலை உடைத்து டீசலைக் கூட்டிவிடுகிறார்கள். பிறகு யாராவது அந்தக் குழாயைச் சரிசெய்தால் புகை பொழியும். குழாயை முதலில் பாருங்கள்.

சேலம்: கரும்புகை வருகிறது, டர்போ மாற்றலாமா?

முதல் பதில்.

ஓசூர், பிஎஸ்-6 வண்டி: புகை இல்லை. ஆனால் டிபிஎஃப் (புகைக் கரி வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது. இதுவும் காற்றுக் கசிவாக இருக்குமா?

இருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில் கரியை டிபிஎஃப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணுக்குப் புகை தெரியாது. கரி அதிகமாகச் சேர்ந்தால் விளக்கு எரியும். சென்சார் பூஸ்ட் குறைவதைச் சொன்னதும் இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். ஆனால் இதே விளக்குக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஸ்கேனர் போட்டு, கேட்கிற பூஸ்டும் கிடைக்கிற பூஸ்டும் லோடில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கச் சொல்லுங்கள். அது உங்கள் சர்வீஸ் சென்டர் வேலை.

ஈரோடு ஓனர்: இன்டர்கூலர் ஓட்டை. விலை கேட்டால் தலை சுற்றுகிறது. கழற்றிவிட்டு டர்போவிலிருந்து நேராக மேனிஃபோல்டுக்கு இரும்புப் பைப் போட்டுவிட்டேன். கசிவே இல்லை. 5 மாதமாக நன்றாக ஓடுகிறது. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்லக் கூடாது என்பதால்தான். டர்போ காற்றை அழுத்தும்போது அது 150 டிகிரி வரை சுடும். இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கித் தரும். அதே அழுத்தத்தில் 150 டிகிரிக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன், 50 டிகிரிக் காற்றில் இருப்பதைவிடக் கால் பங்கு குறைவு. நீங்கள் ஓட்டையை அடைக்கவில்லை, அதைப் பெரிதாக்கிவிட்டீர்கள்.

ஈரோடு ஓனர்: அப்படியென்றால் 5 மாதம் எப்படி ஓடுகிறது? மைலேஜ் பெரிதாகக் குறையவில்லையே. இன்டர்கூலர் இல்லாத டர்போ வண்டிகள் அந்தக் காலத்தில் ஓடவில்லையா?

ஓடின. அவற்றுக்கு டீசல் குறைவாக வைத்திருந்தார்கள், குதிரைத்திறனும் குறைவு. உங்கள் பம்பு இன்டர்கூலர் இருக்கிறது என்று நினைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சமதரையில், பாதி லோடில் வித்தியாசம் தெரியாது. என்ன லோடு, எந்த ரூட்?

திருச்செங்கோடு, ரிக் (போர்வெல் போடும்) வண்டி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கம்ப்ரசர் இன்ஜின் நாள் முழுக்க முழு லோடில் நிற்கும். இன்டர்கூலர் முகத்தில் போர் தூசி அடைத்திருந்ததைக் கவனிக்காமல் விட்டதற்கே பிஸ்டன் மண்டை உருகிவிட்டது. இவர் கழற்றியே போட்டுவிட்டார்!

ரிக்காரர் சொல்வது அனுபவம். அவர்கள் இன்ஜினுக்கு இறக்கம் கிடையாது, மூச்சு வாங்க நேரம் கிடையாது.

ஈரோடு ஓனர்: ரிக் வேறு, லாரி வேறு. எனக்கு நூல் லோடு, பெங்களூர் ரூட்.

பெங்களூர் போகத் தொப்பூர் ஏற வேண்டும். ஏறும்போது எக்ஸாஸ்ட் எவ்வளவு சுடும் என்று உங்கள் டிரைவருக்குக்கூடத் தெரியாது, மீட்டர் இல்லை. இன்டர்கூலரை ரேடியேட்டர் கடையில் தனியாகக் கழற்றிக் காட்டுங்கள். 30 பிஎஸ்ஐ ஏற்றி வால்வை மூடி 15 விநாடி பார்ப்பார்கள். பல இன்ஜின் மேனுவல்களில் 5 பிஎஸ்ஐ வரை இறங்கினால்கூடப் பரவாயில்லை என்றுதான் இருக்கும். உங்களுடையது நல்லதாகவே இருக்கலாம்! அதற்கு மேல் இறங்கினால் ஓட்டை எங்கே என்று பாருங்கள். ஓரத்தில் என்றால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவர் செய்துவிடுவார். நடுக் குழாய்களில் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

பெருந்துறை: ஹோஸ் கழன்று கழன்று வருகிறது. பேஸ்ட் தடவி ஒட்டலாமா? ரேடியேட்டர் ஹோஸ் அளவு சரியாக இருக்கிறது, அதைப் போடலாமா?

இரண்டுமே வேண்டாம். உள்ளே படிந்த ஆயிலைத் துடைத்துவிட்டு, பைப் முனையின் வளையத்துக்குப் பின்னால் கிளிப்பை வையுங்கள். டர்போ பக்கம் சிலிக்கான் ஹோஸ்தான் சூட்டையும் ஆயிலையும் தாங்கும். ரேடியேட்டர் ஹோஸ் கொஞ்ச நாளில் உப்பிவிடும்.

தர்மபுரி: ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்க முடியுமா?

நான் முதலில் சொன்ன சோதனையில் தெரியாது, மூடி அதற்குப் பிறகு வருகிறது. ஆனால் எல்லாவற்றிலும் மோசமான ஓட்டை இதுதான். அங்கே காற்று வெளியே போகாது, தூசியோடு உள்ளே வரும். இழுவை குறையாது, அதனால் யாரும் தேட மாட்டார்கள். ஒரு நாள் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், அப்போது ரிங்கும் லைனரும் போயிருக்கும். பைப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் வண்டியை எடுக்காதீர்கள்.

பவானி: கரும்புகை. டர்போ?

முதல் பதில், ஐயா.

கோவை: என் காருக்கும் இதே முறைதானா?

கார் எனக்குத் தெரியாது.

ஆத்தூர்: எங்களிடம் ரெகுலேட்டர் இல்லை, பஞ்சர் கடைக்காரர் கையால் பார்த்து விடுவார். பரவாயில்லையா?

தகரத்தை வந்து பாருங்கள்.

ஈரோடு ஓனர்: கடைசியாக ஒன்று. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் மூன்றாவது சிலிண்டர் பக்கம் கோடு மாதிரி விரிசல், சுற்றிலும் கரி. போன வாரம்தான் பார்த்தேன். இதற்கும் இன்டர்கூலருக்கும் சம்பந்தம் இருக்காதுதானே?

வண்டியை ஏற்றத்தில் ஓட்டாமல் கொண்டு வாருங்கள். இன்டர்கூலரையும் எடைக்குப் போடாமல் வைத்திருந்தால் எடுத்து வாருங்கள்.