வாசகர் கேள்வி பதில்: போர்ப் படத்துக்கு சுபம் எதற்கு?

கேள்வி: 2002-ல் 'லகானை' முந்திக்கொண்டு ஆஸ்கார் வாங்கிய 'நோ மேன்ஸ் லேண்ட்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். முடிவே சொல்லாமல் பாதியில் விட்டுவிட்டார்களே, இதற்கா விருது?

பதில்: பாதியில் விட்டது டைரக்டர் இல்லை, படத்தில் வரும் ஐ.நா.காரர்கள்! போஸ்னியப் போரில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு பதுங்குகுழி, எழுந்தால் வெடிக்கும் கண்ணிவெடியின் மேல் ஒருத்தன் படுத்திருக்கிறான், அதைச் செயலிழக்க வைக்க வந்த நிபுணரும் கையை விரித்துவிடுகிறார், உடனே ஆளைக் காப்பாற்றிவிட்டதாகப் பாவனை காட்டி டிவிக்காரர்களையும் கிளப்பிக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். அவன் அங்கேயே கிடக்கிறான். இதைவிடத் தெளிவாக என்ன முடிவு வேண்டும்? அவனை எழுப்பி நடக்க வைத்திருந்தால் நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பீர்கள், இந்தக் கேள்வி வந்திருக்காது.

எனக்குப் பிடித்தது வேறு இடம். போரை ஆரம்பித்தது யார் என்று ஒரு போஸ்னியனும் ஒரு செர்பியனும் மல்லுக்கு நிற்கிறார்கள். துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதுதான் சரித்திரம், அது கைமாறியதும் பதிலும் மாறிவிடுகிறது. டைரக்டர் டானிஸ் டனோவிச் அந்தப் போரை நேரில் கேமராவோடு சுற்றிப் படம் பிடித்தவர். அதனால்தானோ என்னவோ பிரசங்கமே இல்லை, நக்கல்தான். பதுங்குகுழிக்குள் பேப்பர் படிக்கும் சிப்பாய் ஒருத்தன், ருவாண்டாவில் என்ன கொடுமை நடக்கிறது பார் என்று அங்கலாய்ப்பான்!

கேள்வி: 'தீபன்' உங்களுக்குப் பிடித்ததா? கான் விழாவின் பெரிய விருதே கிடைத்ததே.

பதில்: முக்கால்வாசிக்கு என் ஓட்டு உண்டு. இலங்கைப் போரிலிருந்து தப்பிய, சம்பந்தமே இல்லாத மூன்று தமிழர்கள், செத்தவர்களின் பாஸ்போர்ட்டில் அப்பா அம்மா மகளாகப் பிரான்சுக்குப் போய் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதும், தீபனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தியின் அந்த இறுகிய முகமும் அருமை. அங்கே சண்டை போடும் இரண்டு கும்பல்களுக்கு நடுவே தீபன் தரையில் வெள்ளைக்கோடு போட்டு இதைத் தாண்டிச் சுடக்கூடாது என்பாரே, அதோடு படத்தை நிறுத்தியிருக்கலாம். போரை விட்டு ஓடிவந்தவன் கையில் மறுபடியும் கத்தியைக் கொடுத்து மாடிப்படி ஏற்றி, அப்புறம் இங்கிலாந்தில் வெயிலும் புல்வெளியுமாக முடித்தது நம்ம மசாலா ஃபார்முலாதான். 2015-ல் கான் நடுவர்களுக்கு அது புதுசாக இருந்திருக்கும்.

கேள்வி: 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' டாக்குமெண்டரியா? யார் பக்கம் பேசுகிறது?

பதில்: பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தின் கதை. டாக்குமெண்டரி மாதிரி இருக்கும், ஆனால் நிஜச் செய்திப்படம் ஓர் அடிகூடக் கிடையாது. எல்லாம் இந்த 1966 படத்துக்காக டைரக்டர் பொன்டெகார்வோ எடுத்ததுதான். நிஜத்தில் போராளித் தலைவராக இருந்த ஸாதி யாசெஃப் அதில் நடித்தும் இருக்கிறார். பக்கம்? அல்ஜீரியர் பக்கம்தான், ஒளிக்கவே இல்லை. ஆனாலும் குண்டு வைக்க வந்த பெண் கடைக்குள் சுற்றுமுற்றும் பார்க்கும்போது கேமராவும் கூடவே பார்க்கிறது: அரட்டை அடிப்பவர்கள், ஐஸ்கிரீம் சாப்பிடும் ஒரு குழந்தை. பக்கம் எடுத்துக்கொண்டும் இதைக் காட்டுகிறவரைத்தான் நான் நம்புவேன். பிரான்சில் சில வருஷம் இந்தப் படத்துக்குத் தடை இருந்தது, பிரெஞ்சு ராணுவத்தின் சித்திரவதைக் காட்சிகளைப் பார்த்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.