அடிமரத்தில் பலகைக் காளான்: உடைத்துப் போட்டால் போதுமா?

கேள்வி: வீட்டுச் சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி ஒரு பெரிய நிழல் மரம் நிற்கிறது. உயரம் சுமார் 12 மீட்டர், நெஞ்சளவில் சுற்றளவு 190 செ.மீ. தரையை ஒட்டி அடிமரத்தில் பலகை போல ஒரு காளான் வளர்ந்திருக்கிறது. மேலே பழுப்பு, ஓரம் வெள்ளை, கட்டை மாதிரி கெட்டி. உடைத்துப் போட்டேன், சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது. கீழே கிடக்கும் சருகுகளில் துருப்பொடி போல ஒரு தூள் படிகிறது. இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்? மரத்தை வெட்டியே ஆக வேண்டுமா? வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒருவர் இருக்கிறார். அந்தத் தூளால் அவருக்கு ஏதும் ஆகுமா?

பதில்: மருந்துக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இதற்கு மருந்து கிடையாது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கானோடெர்மா வகைப் பூஞ்சைக்குப் பொருந்துகின்றன. உறுதி செய்ய, காளானின் அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் கீறிய கோடு உடனே பழுப்பாக மாறினால் சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்தது. வெளியே தெரிகிற பலகை அதன் காய் மட்டும்தான். உடம்பு முழுவதும் நுண்ணிய இழைகளாக மரத்துக்குள் இருக்கிறது, காய் வெளிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே. காயைப் பறித்தால் செடி சாகாது. அதனால்தான் மறுபடி வந்தது.

பூஞ்சைக்கொல்லி ஏன் வேலை செய்யாது என்றால், இந்தப் பூஞ்சை தின்பது பெரும்பாலும் நடுவிலுள்ள வைரத்தை. வைரம் உயிரற்ற கட்டை. அதில் நீரோட்டம் இல்லை. பட்டையில் தெளித்தது உள்ளே போகாது. ஊசி போட்டு ஏற்றினால் வெளிவட்டத்தில் ஓடும் நீரோடு இலைக்குப் போய்விடும். ஏற்றுவதற்குப் போட்ட துளையோ புதிய காயமாக நிற்கும். நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நாற்றங்கால் மண்ணில், இளவேர்களைத் தாக்கும் அழுகலுக்கு அது நல்ல துணை. 60 செ.மீ. தடிமனான மரத்தின் நடுவே அது எட்டாது. பொந்தைச் சிமெண்ட் கொண்டு அடைப்பதும் தவறு: மரம் காற்றில் வளையும், சிமெண்ட் வளையாது, இரண்டுக்கும் நடுவே விழும் இடுக்கில் ஈரம் தங்கி அழுகல் இன்னும் வேகமெடுக்கும். வெட்டுக்காயத்தில் தாரோ பெயிண்டோ பூசுவதாலும் அழுகல் நிற்பதில்லை.

மரத்துக்கென்று ஒரு தற்காப்பு இருக்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1977இல் அதை நான்கு சுவர்களாக விளக்கினார். காயம்பட்ட இடத்திலிருந்து அழுகல் மேலும் கீழும் பரவாமல் தடுப்பது முதல் சுவர். இருப்பதில் பலவீனமானது இதுதான். உள்நோக்கிப் போவதைத் தடுப்பது இரண்டாவது, பக்கவாட்டில் தடுப்பது மூன்றாவது. காயம்பட்ட பிறகு மரம் புதிதாகக் கட்டும் நான்காவது சுவர்தான் எல்லாவற்றிலும் கெட்டி. பழைய கட்டைக்கும் இனி வளரப்போகும் கட்டைக்கும் நடுவே அது நிற்கும். மனிதத் தோல் போல மரத்தின் காயம் ஆறாது. மரம் அதைச் சிறைவைத்துவிட்டு வெளியே புது வளையம் போட்டுக்கொண்டு போகும். நடு முழுக்கக் கோறையான மரம்கூட இலை மாறாமல் நிற்பதன் இரகசியம் இதுதான்: நீர் ஏறுவது வெளிவட்டத்தில், பூஞ்சை தின்பது நடுவில். ஆகவே பச்சை இலையைப் பார்த்து மரம் வலுவாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி: நல்ல கட்டை இன்னும் எவ்வளவு மிச்சம்? கொஞ்சம் கணக்குப் போடுவோம். சுற்றளவு 190 செ.மீ. என்றால் விட்டம் ஏறக்குறைய 60, ஆரம் 30. வட்டமான தண்டு வளைவைத் தாங்கும் வலுவில் கோறையால் போகும் பங்கு, தண்டின் விட்டத்தில் கோறை எத்தனை பங்கோ அதன் நான்காம் அடுக்கு. எனவே நடுவில் விட்டத்தின் பாதி கோறையானால் வலுவில் இழப்பு சுமார் 6 விழுக்காடுதான். பத்தில் ஏழு பங்கு போனால் 24. பத்தில் ஒன்பது பங்கு போனால் 66. ஆரம்பத்தில் ஒன்றுமே ஆகாதது போலிருந்து, கடைசியில் சரசரவென்று சரியும் கணக்கு இது. மரப் பாதுகாப்பில் புழங்கும் ஒரு கைவிதி, கோறையைச் சுற்றி மிச்சமிருக்கும் நல்ல கட்டைச் சுவரின் தடிமன் ஆரத்தில் 0.3 பங்குக்குக் குறையக் கூடாது என்பது. ஜெர்மானியரான கிளவுஸ் மாத்தெக் ஏராளமான முறிந்த மரங்களையும் முறியாத மரங்களையும் அளந்து கண்ட எல்லை. உங்கள் மரத்துக்கு அது 9 செ.மீ., பட்டையைச் சேர்க்காமல். சுவரில் பொந்து திறந்திருந்தாலோ, அழுகல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ 9 போதாது.

சோதிக்க ஒரு கொட்டாப்புளி வேண்டும், மரத்தாலானதோ நைலானோ எதுவானாலும் சரி. இரும்புச் சுத்தி பட்டையை நசுக்கும், வேண்டாம். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கி, 10 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே தரைவரை இறங்குங்கள். கெட்டிக் கட்டை ‘டக்’ என்று சுருக்கமாகப் பேசும். கோறை ‘டொம்’ என்று இழுக்கும். ஒலி மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். இங்கே எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பட்டை உரிந்து தளர்ந்திருந்தாலும் ‘டொம்’ என்றுதான் கேட்கும். சந்தேகமான இடத்தில் பட்டையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது வேர்க்கழுத்து. கானோடெர்மா விஷயத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் இந்த அழுகல் பெரும்பாலும் வேரின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கும். மேலே தட்டினால் தண்டு நன்றாக ஒலிக்கும், வேரோ கீழே உளுத்துப்போயிருக்கும். அடிமரத்தைச் சுற்றி அரை மீட்டர் அகலத்துக்கு, 20 செ.மீ. ஆழத்துக்கு மண்ணைக் கைக்கரண்டியால் விலக்குங்கள். மண்வெட்டி வேரை வெட்டிவிடும். பிறகு 5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள, முனை மழுங்கிய எஃகுக் கம்பியை வேர்களுக்கு இடையே சாய்வாகக் கொடுத்து ஒவ்வொரு வேரின் அடிப்பக்கத்தையும் குத்திப் பாருங்கள். நல்ல வேரில் கம்பி முட்டி நிற்கும். ஊறிய அட்டைக்குள் போவது போல இறங்கினால் அந்த வேர் கணக்கில் இல்லை. எந்தப் பக்கத்து வேர் போயிருக்கிறது என்பதும் முக்கியம். சாய்வுக்கு எதிர்ப்பக்க வேர் மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறு மாதிரி.

சுவரின் தடிமனை நேராகத் தெரிந்துகொள்ள 3 மி.மீ. தடிமனுள்ள நீளமான ட்ரில் உதவும். நல்ல கட்டையிலிருந்து வெளிர் நிறச் சுருள் வரும். அழுகலைத் தொட்டதும் பிடி சட்டென்று விட்டு, நனைந்த தூள் வரும். அது எத்தனை செ.மீ. ஆழத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒலி சந்தேகமாக இருந்த மூன்று நான்கு இடங்களுக்கு மேல் துளைக்காதீர்கள். மரம் கட்டிய நான்காவது சுவரை ஒவ்வொரு துளையும் ஓட்டையாக்குகிறது. மர ஆய்வு வல்லுநர்களிடம் ஊசித் துளைமானியும், ஒலி அலை கொண்டு தண்டின் குறுக்குவெட்டைப் படமாக்கும் கருவியும் இருக்கும். வீட்டை எட்டக்கூடிய மரம் என்பதால் ஒருமுறையாவது அவர்களை அழைப்பது நல்லது.

கானோடெர்மா உண்டாக்குவது வெள்ளை அழுகல். கட்டை வெளிறி, நாராகிப் பஞ்சு போலாகும். காளான் வேறு மாதிரி இருந்தால் தீர்ப்பும் மாறும். கட்டை செங்கல் துண்டுகளாக வெடித்துப் பழுப்பாக நொறுங்கினால் அது பழுப்பு அழுகல். கண்ணுக்குத் தெரியும் முன்பே வலுவில் பெரும்பங்கைக் குடித்துவிடும். தரை மட்டத்தில் கரியைப் பூசியது போலக் கறுத்து மொரமொரப்பான மேலோடு தெரிந்தால் கிரெட்ஷ்மேரியா டியூஸ்டா என்ற பூஞ்சையாக இருக்கலாம். இதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுவோம்: உச்சி பசுமையாக இருக்கும்போதே மரம் கண்ணாடி போல முறியும். பட்டைக்கடியில் வெள்ளைப் படலமும் மண்ணில் கறுப்புக் கயிறு போன்ற இழைகளும் இருந்தால் அது ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் பூஞ்சை.

இனி முடிவு. மரத்தைச் சுற்றி மண் வெடித்திருந்தால், ஒரு பக்கம் மண் மேடு தட்டியிருந்தால், புதிதாகச் சாய்ந்திருந்தால், தண்டில் நீளவாக்கில் விரிசல் விழுந்திருந்தால் வேறெந்தச் சோதனையும் வேண்டாம். அடியில் ஆள் புழங்குவதை நிறுத்திவிட்டு மரத்தை இறக்க ஏற்பாடு செய்யுங்கள். 12 மீட்டர் மரம் அந்தப் பக்கம் சாய்ந்தால் 6 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் மேல்தான் விழும். இவை எதுவும் இல்லை, சுவர் 9 செ.மீ.க்கு மேல், வேர்களும் நன்றாக இருக்கின்றன என்றால் ஆண்டுக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, குறிப்பேட்டில் எழுதிவைத்து ஒப்பிட்டால் போதும்.

நடுவாந்திர நிலைதான் அதிகம் வாய்க்கும். அதற்கு வழி கவாத்து. உச்சியை ஒன்றரை, இரண்டு மீட்டர் இறக்கினாலே காற்று பிடிக்கும் பரப்பும் குறையும், காற்றுத் தள்ளும் நெம்பும் குறையும். அடிமரத்தின் சுமை இரண்டு வழியிலும் இறங்குகிறது. ஆனால் உச்சியை மொட்டையாக வெட்டித் தள்ளக் கூடாது. பெரிய வெட்டுவாய்களில் புதுப் பூஞ்சை நுழையும், அங்கே பொத்துக்கொண்டு வரும் கிளைகளும் பிடிப்பில்லாமல் தொங்கும். பக்கக்கிளை பிரியும் இடம்வரை மட்டும் குறையுங்கள். கனமான கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும்: தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி அடியிலிருந்து கால் பங்கு ஆழம், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு, கடைசியாக மிஞ்சிய முளையைக் கிளைக்கழுத்தின் வீக்கத்துக்கு வெளியே. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு தண்டாக வழித்தால் மரத்தின் தடுப்பையே வெட்டி எறிகிறீர்கள்.

பூஞ்சை எப்படி நுழைந்திருக்கும் என்பதற்கும் உங்கள் கேள்வியிலேயே தடயம் இருக்கிறது. மரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்குள் வேரைத் தொடக்கூடாது என்பது பொதுவான கணக்கு. இங்கே அது 7.2 மீட்டர். சுவரோ 6 மீட்டரில். மரம் வளர்ந்த பின் வீட்டுக்கு அடித்தளமோ குழாய்க்குப் பள்ளமோ தோண்டியிருந்தால் அப்போது வெட்டுப்பட்ட வேர் வாசலாக இருந்திருக்கலாம். இனியாவது அந்த வட்டத்துக்குள் தோண்டாதீர்கள். மூடாக்கு போட்டால் அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். தண்டின் மேல் நீர் பாய்ச்ச வேண்டாம்.

வெட்டிவிட்டாலும் கட்டையில் பூஞ்சை வாழும். அடிக்கட்டையையும் பெரிய வேர்களையும் தோண்டி எடுங்கள். ஆர்மில்லேரியா என்றால் அக்கம்பக்கத்து மரங்களைக் காக்க, கெட்டியான பிளாஸ்டிக் தாளை மண்ணுக்குள் 45 செ.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதைத்து, தரைக்கு மேலும் 2, 3 செ.மீ. நீட்டி விடுங்கள்.

ஆஸ்துமா விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் துருப்பொடி வித்துத்தூள். மரம் அழுக்கும் பூஞ்சைகள் மனித உடம்பில் வேர்விடுவது மிக அரிது, காரணம் நம் உடல் வெப்பம். 30 முதல் 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் மேலும் 6 விழுக்காடு பூஞ்சை வகைகள் தாக்குப்பிடிக்க முடியாமல் கழன்றுகொள்கின்றன என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மரங்களில் வெள்ளியிலை நோய் உண்டாக்கும் பூஞ்சை கொல்கத்தாவில் ஒருவரின் கழுத்தில் சீழ்க்கட்டியாக வந்தது என்று 2023இல் செய்தி பரவியது. உண்மைதான், ஆனால் அது செய்தியானதே அரிது என்பதால். ஒவ்வாமை வேறு கதை. இந்த வித்துகள் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். அதற்காகக் காளானை எடுப்பதில் பொருள் உண்டு. முதலில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் வல்லுநருக்கு அடையாளம் வேண்டும். அடிப்பக்கத்தை நீர் தெளித்து நனைத்து, ஒரு பையால் மூடி, பட்டையில் காயம் படாமல் அறுத்தெடுத்து, பையைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். சில மாதங்களில் மறுபடி வரும். மறுபடி எடுக்க வேண்டும்.

அவருக்கு உண்மையில் கூடுதல் கவலை தர வேண்டியது மக்கும் மூடாக்கிலும் உரக்குவியலிலும் இருக்கும் அஸ்பெர்ஜிலஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை. 50 டிகிரிச் சூட்டிலும் வளரும், 37 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வித்து 2, 3 மைக்ரான்தான் என்பதால் நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட 19 பூஞ்சைகளின் பட்டியலில் மிக அவசரமான நான்கில் இதுவும் ஒன்று. காய்ந்த குவியலை நனைக்காமல் கிளற வேண்டாம். கிளறுபவர் என்95 முகக்கவசம் அணியட்டும். ஆஸ்துமா உள்ளவரும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்பவரும் அந்த வேலைக்கு வரவே வேண்டாம். பயன்படாத இடத்தில் டிரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இந்தப் பூஞ்சை ஒரு காரணம். பூஞ்சைத் தொற்றுக்கு மருத்துவர் தரும் அசோல் மாத்திரையும் அதே குடும்பம். தோட்டத்தில் பழகிக்கொண்ட பூஞ்சைக்கு மாத்திரை பலிக்காமல் போகிறது.

மரப்பொந்தையும் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, பொந்திலுள்ள மக்கிலும் பறவை எச்சத்திலும் வளரக்கூடியது. முள் குத்திய இடத்தில், ஓரிரு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வலியில்லாத முடிச்சு வந்து, கைவழியே மேல்நோக்கி வரிசையாகப் புதிய முடிச்சுகள் கிளம்பினால் அது ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சையின் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது செடி வேலை செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாக்டீரியாப் புண் என்று நினைத்து வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், முடிச்சு அப்படியே இருக்கும்.