கேள்வி–பதில்: லூப் இல்லாத ஊரில்

கேள்வி: பைத்தான் ஓரளவு தெரியும். ஃபங்ஷனல் மொழி (செயற்கூறுகளை, அதாவது ஃபங்ஷன்களை, இணைத்தே நிரல் எழுதும் மொழி) ஒன்று கற்க ஆசை. ஹாஸ்கெல், ஓகேமல், எலிக்ஸிர், எதில் தொடங்கலாம்?

பதில்: வெப் சர்வர் வேலைதான் நோக்கம் என்றால் எலிக்ஸிர். யோசிக்கும் முறையே மாற வேண்டுமென்றால் ஹாஸ்கெல். ஓகேமல் நல்ல மொழிதான். ஆனால் அதில் ஃபார் லூப்பும் உண்டு, மதிப்பை மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. கை தானாகப் பழைய வழிக்குப் போய்விடும். 1990இல் வந்த ஹாஸ்கெல் அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது.

ஹாஸ்கெலை நிறுவ ஜிஹெச்சிஅப் (GHCup) என்ற கருவி போதும். கம்பைலர், நூலகங்களை நிர்வகிக்கும் கபால் இரண்டையும் அதுவே இறக்கித் தரும். சில ஜிபி இடம் ஒதுக்கி வையுங்கள். பிறகு டெர்மினலில், நிரலை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் ஜிஹெச்சிஐ-யைத் (ghci) திறந்து, பக்கத்திலேயே எடிட்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பைச் சேமித்ததும் ஜிஹெச்சிஐ-யில் முக்காற்புள்ளியும் ‘ஆர்’ எழுத்தும் (:r) அடித்தால் புதிய நிரல் ஏறிவிடும். முதல் மாதம் முழுக்க இதிலேயே ஓட்டலாம்.

கேள்வி: மாறியை மாற்ற முடியாது, லூப்பும் இல்லை. ஒரு பட்டியலை எப்படித்தான் கூட்டுவது?

பதில்: ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதை விட்டு, ‘கூட்டுத்தொகை என்றால் என்ன’ என்று கேட்டுப் பாருங்கள். காலிப் பட்டியலுக்கு 0. மற்றதற்கு, முதல் எண்ணோடு மீதியின் கூட்டுத்தொகை. அவ்வளவுதான் நிரலும் (புரிவதற்காகப் பெயர்களைத் தமிழில் தருகிறோம்):

கூட்டு [] = 0
கூட்டு (முதல் : மீதி) = முதல் + கூட்டு மீதி

[3, 5, 2] கொடுத்தால் 3 + (5 + (2 + 0)) என விரிந்து 10 வரும். இதை ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாம் வரியின் இடப்பக்க அடைப்புக்குறி விட்டுப்போனால் கம்பைலர் ஏற்காது. முதல் வரி விட்டுப்போனால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஓடும்போது கடைசியில் காலிப் பட்டியலில் முட்டி நிற்கும். எச்சரிக்கைகளை எல்லாம் காட்டச் சொல்லும் ‘வால்’ (-Wall) ஆப்ஷனைப் போட்டுவைத்தால் இது முன்கூட்டியே தெரியும்.

நாலைந்து செயற்கூறுகளை இப்படிக் கையால் எழுதிய பின் பட்டியல் வேலைக்கான தயார் செயற்கூறுகளான மேப், ஃபில்டர், ஃபோல்டு பக்கம் போங்கள். அதற்கு முன் போனால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

கேள்வி: சராசரிக்கு ‘சம்’ (கூட்டுத்தொகை) விடையை ‘லெங்த்’ (பட்டியலின் நீளம்) விடையால் வகுத்தேன். ‘ஃப்ராக்ஷனல் இன்ட் இல்லை’ என்று பிழை வருகிறது. கணக்கு சரிதானே?

பதில்: கணக்கு சரி, வகை சரியில்லை. ‘லெங்த்’ தருவது இன்ட், அதாவது முழு எண். சாய்கோடு வகுத்தலோ டபுள் போன்ற பின்ன வகைகளுக்கு மட்டும். ஒன்றை மற்றொன்றாக ஹாஸ்கெல் தானாக மாற்றாது. ‘ஃப்ரம்இன்டெக்ரல்’ போட்டு நீங்கள்தான் மாற்ற வேண்டும்:

சம் எண்கள் / ஃப்ரம்இன்டெக்ரல் (லெங்த் எண்கள்)

அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு அல்ல. அதை எடுத்துவிட்டால் ‘ஃப்ரம்இன்டெக்ரல்’ பக்கத்தில் நிற்கும் ‘லெங்த்’தையே தன் உள்ளீடாகப் பிடித்துக்கொள்ளும். இந்த மொழியில் செயற்கூறு அழைப்புக்குத்தான் முதல் உரிமை, கூட்டல் கழித்தல் எல்லாம் அப்புறம். எண்ணின் குறியை நீக்கித் தரும் ‘ஆப்ஸ்’ செயற்கூறில் ‘ஆப்ஸ் -5’ தகராறு செய்வதும், ‘ஆப்ஸ் (-5)’ ஒழுங்காக 5 தருவதும் அதனால்தான்.

பட்டியலே இன்ட் எண்களாக இருந்தால் ‘சம்’ பகுதிக்கும் அதே மாற்றம் தேவை. இன்னொன்று: காலிப் பட்டியலுக்குப் பிழையே வராது, 0-ஐ 0-ஆல் வகுத்து, ‘எண் அல்ல’ என்ற மதிப்பைச் சத்தமில்லாமல் தந்துவிடும். அதைத் தனி வரியில் கையாளுங்கள்.

வகையில் சந்தேகம் வந்தால் ஜிஹெச்சிஐ-யில் முக்காற்புள்ளி, ‘டி’ (:t), பிறகு செயற்கூறின் பெயர். கடைசி அம்புக்குறிக்குப் பின்னால் இருப்பதுதான் விடையின் வகை.

கேள்வி: உள்ளீடு, வெளியீடு போன்ற வேலைகளை வரிசையாகக் கோக்க ஹாஸ்கெல் பயன்படுத்தும் மோனாட் புரியாமல் முன்னேற முடியுமா?

பதில்: தாராளமாக. வேலைகளை வரிசையாக எழுதும் ‘டூ’ தொகுதிக்குள் உள்ளீடு வாங்க இடது அம்புக்குறி (<-), சாதாரண மதிப்புக்குப் பெயர் வைக்க ‘லெட்’. இந்த வித்தியாசம் போதும். பயனர் தட்டிய எண்ணைப் படிக்க மட்டும் ‘ரீட்’ வேண்டாம், ‘ரீட்மேபி’ எடுங்கள். முன்னது எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் நிரலையே கவிழ்த்துவிடும். பின்னது ‘நத்திங்’ என்று சொல்லிவிட்டு உங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்.