ஸ்பூன், கப், ஆழாக்கு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, 8 பேருக்கு ரசம் வைக்க 2 டீஸ்பூன் மிளகு போடுவேன். இப்போது வீட்டு விசேஷத்துக்கு 100 பேருக்கு வைக்கணும். ஸ்பூனால் எண்ணிக்கொண்டே இருக்கணுமா?

பதில்: வேண்டாம்மா, பாதியில் எண்ணிக்கை தப்பிவிடும். 8 பேர் 100 ஆனால் பன்னிரண்டரை மடங்கு, அதாவது 25 டீஸ்பூன். 3 டீஸ்பூன் ஒரு டேபிள்ஸ்பூன், 16 டேபிள்ஸ்பூன் ஒரு 240 மில்லி கப், அப்படியென்றால் ஒரு கப்பில் 48 டீஸ்பூன். உங்களுக்கு அரை கப்பும் மேலே ஒரு டீஸ்பூனும் போதும். ஆனால் உப்பு, புளி, காரத்தை மட்டும் கணக்குப்படி ஒரே தடவையில் கொட்டிவிடாதீர்கள். முதலில் முக்கால் பங்கு போட்டு, கொதி வந்ததும் ருசி பார்த்துவிட்டு மிச்சத்தைச் சேருங்கள். தண்ணீரையும் பன்னிரண்டரை மடங்கு ஊற்ற வேண்டாம், பெரிய அண்டாவில் அந்த அளவுக்கு வற்றாது.

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறேன். அமெரிக்கக் குறிப்பு ஒன்றைப் பார்த்து 2 டேபிள்ஸ்பூன் உப்பு போட்டு ஊறுகாய் போட்டேன், ஒரே கரிப்பு. தலைதட்டித்தான் அளந்தேன்.

பதில்: உங்கள் கை மேல் தப்பில்லை. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, அமெரிக்காவில் 15 தான். 30 மில்லி போட வேண்டிய இடத்தில் 40 போயிருக்கிறது. இனி டீஸ்பூனாக மாற்றிக்கொண்டு அளங்கள், அது இரண்டு ஊரிலும் 5 மில்லிதான்.

கேள்வி: அம்மாவின் பழைய நோட்டில் இட்லிக்கு "அரைப்படி அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து" என்று இருக்கிறது. மில்லியில் எவ்வளவு அக்கா?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. 8 ஆழாக்கு ஒரு படி, அப்போது அரைப்படி 4 ஆழாக்கு. நாலுக்கு ஒன்று! அம்மா எழுதி வைத்தது விகிதம்தான், மில்லியே தேவையில்லை, எந்த டம்ளரை எடுத்தாலும் அரிசி நாலு, உளுந்து ஒன்று. படி அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இணையத்தில் பார்க்கும் ஒரு எண்ணை நம்பி அளக்காதீர்கள். வீட்டில் அந்தப் பித்தளை ஆழாக்கு இன்னும் இருந்தால் தராசில் வைத்து, காலி எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். காட்டுகிற கிராம்தான் மில்லி. என் மாமியார் கொடுத்த ஆழாக்கு விளிம்பில் நசுங்கியிருக்கும், அதையும் இப்படி அளந்து, அடியில் ஒரு துண்டு பேப்பரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு கப் மைதா 250 கிராம் தானே?

பதில்: இல்லை. 240 மில்லி கப்பில் மைதா சுமார் 120 கிராம், சர்க்கரை சுமார் 200. மைதாவை அமுக்கி அள்ளினால் இன்னும் ஏறும், கேக் கல்லாகிவிடும்.

கேள்வி: ரைஸ் குக்கரோடு வந்த கப்பும் அதேதானா?

பதில்: அது 180 மில்லி, முக்கால் கப். குக்கர் கப்பில் 4 போட்டால் மற்ற கப்பில் 3. பாத்திரத்துக்குள் இருக்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அரிசியையும் அந்தக் கப்பிலேயே அளக்கணும், இல்லையென்றால் சாதம் விறைத்துப் போகும்.