கிளினிக் வேண்டாம், ஆய்வகம் போகிறேன் என்கிற மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மகள் பி.டி.எஸ். என்கிற பல் மருத்துவப் படிப்பை முடித்து, பயிற்சி மருத்துவராகவும் ஒரு வருடம் இருந்துவிட்டார். சேலம் அஞ்சு ரோடு பக்கம் கிளினிக்குக்கு இடம்கூடப் பார்த்துவிட்டீர்கள். இந்த நேரத்தில் அவர், பல் எடுத்த குழியில் வைக்கும் எலும்புத் தூளைச் சோதிக்கிற வேலைக்குப் போகிறேன் என்கிறார். "அஞ்சு வருஷம் டாக்டருக்குப் படிச்சது இதுக்குத்தானுங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு வீணாகாது அம்மா. ஆனால் அந்தத் துறைக்குள் எந்த வழியில் நுழைவது என்று இப்போதே தீர்மானிக்காவிட்டால், இனி வரும் மூன்று நான்கு வருடங்கள் வீணாகலாம். என் கவலை அதைப் பற்றித்தான்.

அந்தத் தூள் எதற்கு என்பதை முதலில் சொல்கிறேன். பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு சும்மா இருக்காது, சுருங்கத் தொடங்கும். ஒரு வருடத்தில் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதிலும் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே போய்விடும். பிறகு இம்ப்ளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு, வைக்க வந்தால் அதைப் பிடித்துக்கொள்ள எலும்பு இருக்காது. நோயாளியின் சொந்த எலும்பையே இன்னொரு இடத்திலிருந்து எடுத்து வைப்பதுதான் சிறந்தது என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அதற்கு இன்னொரு காயம் வேண்டும். அதனால்தான் மாற்றுப் பொருள்கள் வந்தன: தானமாகக் கிடைத்த மனித எலும்பு, புரதத்தை நீக்கிப் பக்குவப்படுத்திய மாட்டெலும்பு, எலும்பின் தாதுவை ஒத்ததாக ஆய்வகத்திலேயே செய்த ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற கால்சியம் பொருள்கள், 1969-ல் அமெரிக்காவில் லாரி ஹெஞ்ச் உருவாக்கிய பயோஆக்டிவ் கிளாஸ் என்கிற, எலும்போடு ஒட்டும் கண்ணாடி. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் பயோஆக்டிவ் கிளாஸையும் சேர்த்து நம் நாட்டிலேயே ஒரு கலவையை உருவாக்கியிருக்கிறது.

குப்பிக்குள் பார்த்தால் எல்லாமே வெள்ளைத் தூள்தான். எது எலும்பாக மாறும், எது அப்படியே மண்போலத் தங்கும், எது புண்ணாக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகள் கேட்கிற வேலை.

உங்கள் வீட்டுக்காரர் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சூளையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் கேளுங்கள், பாதி விஷயத்தை அவரே சொல்லிவிடுவார். சூளையிலிருந்து வந்த சரக்கில் சுண்ணாம்பு எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று பார்த்து, தேறாத லோடை நிறுத்துவதுதானே அவர் வேலை? இங்கேயும் முதல் படி அதே மாதிரிதான். ஹைட்ராக்ஸிஅபடைட்டில் கால்சியமும் பாஸ்பரஸும் அணு எண்ணிக்கையில் 1.67-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கால்சியம் கொஞ்சம் கூடிவிட்டால், சுடும்போது கால்சியம் ஆக்சைடு தனியே பிரிந்து நிற்கும். ஈரம் பட்டால் சுட்ட சுண்ணாம்பு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்; தாடைக்குள் அது நடக்கக் கூடாது. எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் கருவியில் வைத்து வேறு படிகம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆர்செனிக், காட்மியம், பாதரசம், ஈயம் ஆகியவை பத்து லட்சத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்று அளப்பார்கள். பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் துளைகள். துளை நூறு மைக்ரானுக்கும் கீழே குறுகிவிட்டால் செல்லும் ரத்தக்குழாயும் உள்ளே வளர்வது கடினம்.

அடுத்தது செல்கள். பொருளை 37 டிகிரியில் ஊறவைத்து, அந்தச் சாற்றை எலியின் செல்கள்மேல் விட்டுப் பார்ப்பார்கள். ஒப்பீட்டுக் குழுவோடு பார்க்கும்போது உயிர்த்திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுத்தன்மை உண்டு என்று எழுதுவார்கள். இது ஐ.எஸ்.ஓ. என்கிற சர்வதேசத் தர அமைப்பின் 10993 வரிசையில் ஐந்தாம் பகுதி. மகளுக்கு இந்த எண் மனப்பாடமாகிவிட வேண்டும். பல் மருத்துவப் பொருள்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 7405 தனியாக இருக்கிறது.

அதற்கும் மேலே விலங்குச் சோதனை. முயலின் தொடை எலும்பிலோ எலியின் மண்டையோட்டிலோ, தானாக ஆறாத அளவுக்கு ஒரு குழி செய்து, பொருளை நிரப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, எலும்பை மெல்லிய சீவலாக வெட்டி, புது எலும்பு எவ்வளவு, மிச்சத் தூள் எவ்வளவு, அழற்சி செல்கள் எவ்வளவு என்று எண்ணுவார்கள். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இது நடக்காது. மகளிடம் நீங்கள் மனம்விட்டுப் பேச வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். முயலை அந்த நிலையில் பார்க்க அவர் மனம் ஒப்புமா? ஒப்பாவிட்டால் அது குறை ஆகாது. செல் ஆய்வு, பொருள் ஆய்வு, ஆவணப் பணி என்று வேறு இடங்கள் இருக்கின்றன. சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு அழுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியில் மனிதர்கள். பல் எடுத்த குழியில் வைத்து, சில மாதம் கழித்து, இம்ப்ளான்டுக்குத் துளையிடும்போது எடுக்கிற சிறு எலும்புத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இங்கே உங்கள் மகள் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பார். வேதியியல் படித்தவருக்கும் பயோடெக் படித்தவருக்கும் நோயாளியின் வாய் தெரியாது. ஈறு எப்படி ஆறும், தையல் எங்கே பிரியும், மாட்டெலும்பு என்று சொன்னதும் சிலர் ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த ஐந்து வருடம் இதற்குத்தான் அம்மா.

இனி வழிகள். நோயாளிகளோடு இருந்துகொண்டே இதைச் செய்ய வேண்டுமானால் பல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி ஈறு மருத்துவம் எடுக்கலாம். மூன்று வருடத்தில் ஓர் ஆய்வேடு கட்டாயம், அதை எலும்பு மாற்றுப் பொருள் பற்றியே வைத்துக்கொள்ளலாம். மைக்ராஸ்கோப்தான் பிடிக்கும் என்றால் வாய் நோய்க்குறியியல். கிளினிக் வருமானம் இல்லை என்று அதைப் பலர் ஒதுக்குகிறார்கள். திசுச் சீவலைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் எந்தச் சோதனை அறிக்கையும் முடியாது என்பதால், என் பார்வையில் இந்த வேலைக்கு மிகவும் பொருந்துகிற படிப்பு அதுதான். பொருள் அறிவியல் பக்கம் போக விரும்பினால், எம்.டெக். போன்ற பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு. 2022 முதல் பி.டி.எஸ். படித்தவர்களும் எழுதலாம், பயோமெடிக்கல் இன்ஜினியரிங் தாளும் உண்டு. ஆனால் கேட் மதிப்பெண் வந்துவிட்டால் எல்லா எம்.டெக்.கும் பல் மருத்துவரைச் சேர்க்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதிப் பட்டியலையும் விண்ணப்பிக்கும் முன்பே படிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பலர் சறுக்கியது இங்கேதான்.

இன்னொரு வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2017-ன் மருத்துவ சாதன விதிகள் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தன. 2020-ல் எல்லா மருத்துவ சாதனங்களும் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆபத்துக்கு ஏற்ப ஏ முதல் டி வரை வகுப்பு. இந்த மாதிரி எலும்புத் தூளைத் தயாரிக்கும் எவரும் சோதனை முடிவுகளைத் தொகுத்து உரிமம் கேட்டாக வேண்டும். அந்தக் கோப்பைத் தயாரிக்கவும் சரிபார்க்கவும் மருத்துவம் தெரிந்தவர்கள் தேவை. எழுத்தும் பொறுமையும் உள்ள பெண்ணுக்கு நல்ல இடம்.

சம்பளத்தையும் ஊரையும் மறைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும், இரண்டு வருடம் கழித்து 42,000. தனியார் சோதனை ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. வேலை பெரும்பாலும் சேலத்தில் இருக்காது. திருவனந்தபுரம், சென்னை, வேலூர், பெங்களூரு என்று போக வேண்டிவரும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் மருத்துவ சாதனப் பூங்கா அமைகிறது, அதை நம்பி இன்றே கணக்குப் போட வேண்டாம். கிளினிக் வைத்தாலும் முதல் சில வருடம் நாற்காலிக் கடனும் வாடகையும்தான் சாப்பிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் கேட்க வேண்டாம், அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்: நோயாளியோடு பேசத் தயக்கமாக இருப்பதால் ஆய்வகம் போகிறாயா, இல்லை ஆய்வகமே பிடித்திருக்கிறதா? பயிற்சிக் காலத்தில் தான் சிகிச்சை செய்த நோயாளி மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று தேடிப் போய்ப் பார்த்திருந்தால், படம் எடுத்துக் குறித்து வைத்திருந்தால், இந்த வேலைக்கான குணம் இருக்கிறது. தயக்கம்தான் காரணம் என்றால் அதைக் கிளினிக்கிலேயே சரிசெய்யலாம், ஊர் மாற வேண்டாம்.

இந்த மாதமே செய்ய வேண்டியவை கொஞ்சம். மகள் படித்த கல்லூரியின் ஈறு மருத்துவத் துறையில் எம்.டி.எஸ். மாணவர் யாராவது கிராஃப்ட் (எலும்பு நிரப்பும்) ஆய்வு செய்கிறாரா என்று கேட்டு, சில வாரம் கூட நிற்கட்டும். பெரியார் பல்கலைக்கழகத்திலோ கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ கருவிகளைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதட்டும். ஒரு டிஃப்ராக்ஷன் வரைபடத்தைக் கையில் வைத்துப் படித்துப் பார்த்தால் ஆசை நிலைக்கிறதா என்று தெரிந்துவிடும். அஞ்சு ரோடு இடத்துக்கு முன்பணம் கொடுப்பதை நீட் எம்.டி.எஸ். முடிவு வரும்வரை தள்ளிப்போடுங்கள். எந்த வழியில் போனாலும் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட வேண்டாம்.