கபாலபாதி செய்தபின் படபடப்பு: உங்கள் கேள்விக்கு

வணக்கம் சகோதரி. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் வீடியோ பார்த்துக் கபாலபாதி செய்வதாகவும், முடித்தபின் படபடப்பு கூடித் தூக்கமே வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிபி மாத்திரை வேறு எடுக்கிறீர்கள். முதல் வேலையாகக் கபாலபாதியை நிறுத்துங்கள். அது மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளி உடம்பை உசுப்பிவிடும் யோகப் பயிற்சி. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நல்ல ஆசிரியர் யாரும் அதைத் தர மாட்டார். தூங்கப் போகும் நேரத்தில் யாருக்குமே அது வேண்டாம்.

உங்களுக்குத் தேவை நீண்ட வெளிமூச்சு. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். ஒரு கை வயிற்றின் மேல் இருக்கட்டும். மனசுக்குள் நான்கு எண்ணி மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை அடக்கவே வேண்டாம். வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது, அதற்காகத்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்வது. திணறினால் மூன்று எண்ணி இழுத்து, நான்கு எண்ணி விடுவதாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். நினைப்பு ஆபீசுக்கு ஓடினால் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். கைக்கு அடியில் வயிறு எழுந்து இறங்குவதைத் திரும்பக் கவனியுங்கள். 1979-ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியிலும் இப்படி மூச்சைக் கவனிப்பது முக்கியப் பாடம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். படபடப்பு தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சென்னையில் இருப்பதாகச் சொன்னீர்களே, அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாத்திரைச் சீட்டோடு போய்க் காட்டுங்கள்.